நிழலில் அளந்த வெயில்

கோடை தொடங்கிவிட்டால் நாள்தோறும் செய்தித்தாளில் நாம் காணும் ஒரு சொற்றொடரை எடுத்துக்கொள்வோம். "நேற்று 104 டிகிரி வெயில்" என்பதே அது. இதில் என்ன பிழை இருக்க முடியும் என்று கேட்பீர்கள். இயற்பியல் கற்பிக்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் மாணவி ஒருத்தி என்னை மடக்கும் வரையில்.

அவள் வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் வந்து படிப்பவள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள்.

"சார், பேப்பர்ல 102 டிகிரி வெயில்னு போட்டிருக்கு. எங்கம்மா நேத்துப் பூராவும் தோட்டத்துல களை வெட்டுச்சு. 'இது நூத்தி ரெண்டு இல்லடி, அதுக்கு மேல'ங்குது. பேப்பர் சரியா, எங்கம்மா சரியா?"

"செய்தித்தாள்தான் சரி. அது கருவியால் அளந்தது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது, நான் சொன்னது தவறு என்று. அந்த அம்மா சொன்னதில் முழு நியாயம் இருந்தது. எப்படி என்று பார்ப்போமா?

பெட்டிக்குள் வராத வெயில்

வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெட்டவெளியில் தொங்கவிடுவதில்லை. நான்கு கால்களின்மேல், மார்பளவு உயரத்தில், வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரப்பெட்டி நிற்கும். அதன் பக்கங்கள் சன்னல் சட்டங்களைப்போலச் சாய்ந்த பலகைகளால் ஆனவை. காற்று தாராளமாய் உள்ளே போய் வரலாம். சூரியக்கதிர் மட்டும் நுழைய முடியாது. தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1864ஆம் ஆண்டில் வகுத்த அமைப்பு இது. புதையல் தீவு கதையை எழுதிய ஸ்டீவன்சனுக்கு இவர் தந்தை.

இவ்வளவு பாடு எதற்காக? வெப்பமானியின்மேல் வெயில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்! வெயில் பட்டால் கண்ணாடிக் குமிழே கதிர்களை உறிஞ்சிச் சூடேறி, காற்றின் வெப்பநிலையைக் காட்டாமல் தன் சொந்தச் சூட்டைக் காட்டிவிடும். எனவே நாம் படிக்கும் 104 டிகிரி (செல்சியசில் 40) என்பது நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. வெயிலை முழுவதும் விலக்கிவிட்டு எடுத்த அளவுக்கு நாம் "வெயில்" என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

அப்படியானால் வெயிலுக்கு அளவே கிடையாதா? உண்டு; அதன் அலகு டிகிரி அன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடியில் வந்து விழும் ஆற்றலே வெயிலின் அளவு. வளிமண்டலத்தின் உச்சியில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். தெளிந்த வானத்தில் உச்சிப் பொழுதில் நம் தரைக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 1000 வாட். குனிந்து களை வெட்டும் ஒருவரின் முதுகுப் பரப்பு கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதுகில் 250 வாட் விழுகிறது. அதில் பெரும்பகுதியை உடையும் உடலும் உறிஞ்சிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் தானே வெளிவிடும் வெப்பம் 100 வாட் அளவில்தான். வேலை செய்யும்போது அதுவும் இரண்டு மூன்று மடங்காகிறது. வெளியேற்ற வேண்டிய சூடு ஏறிக்கொண்டே போக, காற்றோ உடம்பைவிடச் சூடாக இருக்கிறது. எஞ்சியிருக்கும் வழி வியர்வை ஒன்றே.

"அதுக்கு மேல" என்று அந்த அம்மா சொன்னது இதைத்தான். செய்தித்தாள் சொன்னது காற்றின் கணக்கு; அவர் சொன்னது தம் முதுகின் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குத் திண்டுக்கல்காரர்களுக்கு வேறு சான்றும் வேண்டுவதில்லை. கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். "குளிருது, ஆனா வெயில் சுள்ளுன்னு அடிக்குது" என்பார்கள். காற்று 20 டிகிரி செல்சியசில் குளிர்ந்திருக்க, வெயில் தோலைச் சுடுகிறது. உயரம் கூடக் கூட மேலிருக்கும் காற்றுப்படலம் மெலிவதால், புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு வீதம் மிகுகிறது. வெயிலும் வெப்பநிலையும் ஒன்றேயானால் இப்படி நடக்குமா?

ஆங்கிலேயர் வெயிலும் நம் வெயிலும்

இனிச் சொல்லின் பக்கம் திரும்புவோம். நம் அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் சூரியனுக்கு ஒரு சொல் 'சன்'. அதன் ஒளிக்கு 'சன்லைட்'. அது பளிச்சென்று அடிக்கும் நிலைக்கு 'சன்ஷைன்'. எல்லாம் ஒரே வேரில் சேர்த்துக் கட்டிய கூட்டுச் சொற்கள். "வெயிலில் நிற்காதே" என்பதை அவர்கள் "சூரியனில் நிற்காதே" என்றுதான் சொல்கிறார்கள்!

குளிர் நாட்டவர்க்கு வெயில் அரிய பொருள். ஆகவே 'சன்ஷைன்' என்பது அவர்களுக்கு மகிழ்ச்சி, நல்வரவு, நம்பிக்கை எல்லாம் ஆகிறது. குழந்தையைக் கொஞ்சும்போது அச்சொல்லால் அழைப்பதும் உண்டு. நாம் நம் குழந்தையை "என் வெயிலே" என்று கொஞ்சினால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்? நமக்குக் கொஞ்சுவதற்கு நிலா, அடைக்கலத்துக்கு நிழல். "உங்கள் நிழலில் வாழ்கிறோம்" என்பது நமக்கு நன்றி. ஆங்கிலத்தில் ஒருவரது நிழலில் வாழ்வதென்றால் அவர் புகழில் மங்கிக் கிடப்பது என்று பொருள். தட்பவெப்பம் சொல்லுக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பதை இங்கே காணலாம்.

தமிழிலோ வெயிலுக்கும் சூரியனுக்கும் தொடர்பில்லாத தனித்தனிச் சொற்கள். ஞாயிறு வானில் உள்ளது. வெயில் தரையில் உள்ளது. வெம்மை, வெப்பம், வெந்நீர் என்னும் சொற்களின் உறவு வெயில். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இச்சொல்லுக்கென்றே ஒரு விதி செய்கிறார். பிற சொற்களோடு புணரும்போது 'வெயில்' என்பது 'மழை' என்பதைப் போல நடக்கும் என்கிறார். மழையத்து, வெயிலத்து என்று வரும். இது இலக்கணம்தான், இயற்பியல் அன்று. ஆனாலும் என் மனத்துக்கு இது பிடித்திருக்கிறது. மழையைப்போல வெயிலும் மேலிருந்து நம்மேல் வந்து விழுவது. மழையைப்போலவே அதையும் பரப்பை வைத்துத்தான் அளக்கவேண்டும்.

சிற்றூர்ப் பேச்சைக் கவனியுங்கள். இளவெயில், உச்சிவெயில், மஞ்சள் வெயில், கத்திரி வெயில். "வெயில் ஏறுமுன் போ", "வெயில் தாழ வா". இவை ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருக்கிறது. சூரியன் அடிவானில் இருக்கையில் அதன் கதிர் கடந்துவரும் காற்றின் அளவு, தலைக்குமேல் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு. வழியில் நீல ஒளி சிதறிப்போக, மஞ்சளும் சிவப்புமே மிஞ்சுகின்றன. மஞ்சள் வெயில் என்ற பெயருக்குப் பொருள் இதுவே. நம் வினைச்சொற்களும் கூர்மையானவை: வெயில் அடிக்கும், வெளிச்சம் விழும், சுடர் ஒளிரும், நிலா காயும். முழுநிலவைவிடச் சூரியன் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. இரண்டும் ஒரே சூரியனின் ஒளிதான் என்றாலும் அடிப்பது எது, காய்வது எது என்று நம் மக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒளி வேறு, வெப்பம் வேறா?

இவ்வளவு வளமான சொல்லைப் பாடப் புத்தகத்தில் காண்பது அரிது. அங்கே அதற்குப் பதிலாக "சூரியன் ஒளியையும் வெப்பத்தையும் தருகிறது" என்ற வாக்கியம் நிற்கிறது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பொருள்கள் இரண்டு வண்டிகளில் ஏறி வருவதுபோல ஒரு மயக்கத்தை மாணவர் மனத்தில் உண்டாக்கிவிடுகிறது.

இந்த மயக்கம் பழையது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் வெயிலை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட கதை இது. அந்த மாமேதையே, வெப்பக் கதிர் வேறு, ஒளிக் கதிர் வேறு என்ற முடிவுக்குத்தான் கடைசியில் வந்தார். இரண்டும் அலைநீளத்தில் மட்டும் வேறுபடும் ஒரே இனம் என்று உறுதிப்படப் பிறகு பல ஆண்டுகள் ஆயின. நீல ஒளியும் உறிஞ்சப்பட்டால் சூடாக்கும். அகச்சிவப்பும் உறிஞ்சப்பட்டால்தான் சூடாக்கும். வெப்பம் என்பது கதிர் வந்து சேர்ந்தபின் பொருளில் நேர்வது. வழியில் பயணம் செய்வது கதிர்வீச்சு ஒன்றே.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்கிறீர்களா? நம் ஊர்களில் வீட்டு மாடிகளில் சூரியத் தகடுகள் ஏறிவிட்டன. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே எழுந்துவிட்டது. ஆயினும் "சூரிய வெப்பத்திலிருந்து மின்சாரம்" என்று எழுதுவோர் இன்றும் உண்டு. தகடு மின்சாரம் எடுப்பது ஒளித்துகள்களிலிருந்து, சூட்டிலிருந்து அன்று. சூடு அதற்குப் பகை. சிலிக்கான் தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசைத் தாண்டி ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதன் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். கோடை நண்பகலில் மாடித் தகடு 65 டிகிரியை எட்டினால், 40 டிகிரி கூடுதல். இழப்பு 16 விழுக்காடு. "சூடு அதிகம், அதனால் கரண்ட் அதிகம்" என்று நம்பித் தகட்டைக் காற்றோட்டமே இல்லாமல் தளத்தோடு ஒட்டிப் பொருத்துவோர் பணத்தை இழக்கிறார்கள். வெந்நீர் தரும் சூரியக் கொதிகலனுக்குத்தான் வெப்பம் வேண்டும். வெயில் ஒன்றே, அதைப் பயன்கொள்ளும் வழிகள் இரண்டு.

கதிரும் ஆரமும்

இனி, 'கதிர்' என்னும் சொல்லைப் பார்ப்போம். ஒளி ஒரு மையத்திலிருந்து நாற்புறமும் செல்வதை மனிதன் எதனோடு ஒப்பிட்டான்? உரோமானியர் வண்டிச் சக்கரத்தோடு ஒப்பிட்டனர். இலத்தீனில் 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். ஒளிக்கற்றைக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தின் 'ரே', 'ரேடியேஷன்', நம் வீட்டு 'ரேடியோ', கியூரி தம்பதியர் கண்ட 'ரேடியம்' எல்லாம் அந்த ஆரக்காலின் பிள்ளைகள். ஒளிக்கற்றைக்கு ஆங்கிலத்தில் 'பீம்' என்றும் ஒரு சொல் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மரம் என்று பொருள். மேகத்தினூடே சாய்ந்து விழும் ஒளித்தூண் அவர்களுக்கு மரமாகத் தோன்றியிருக்கிறது.

நாமோ வடிவியலில் 'ரேடியஸ்' என்பதை 'ஆரம்' என்கிறோம். அங்கே நமக்கும் வண்டிச் சக்கரமே! ஆனால் ஒளிக்கு வரும்போது நம் முன்னோர் சக்கரத்தை விட்டு வயலுக்குப் போனார்கள். சோளக்கதிர், கம்பங்கதிர் என்கிற அதே கதிர்தான் ஞாயிற்றின் கதிரும். இராட்டையில் நூல் சுற்றும் ஊசிக்கும் கதிர் என்றே பெயர். காந்திகிராமத்துக் கதர் நூற்போரைக் கேட்டால் சொல்வார்கள்.

திண்டுக்கல்லில் நின்றுகொண்டு இதை எழுதும்போது கொடைக்கானலை மறக்க முடியாது. கடல்மட்டத்துக்கு 2343 மீட்டர் உயரத்தில் அங்கே சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1909ஆம் ஆண்டில் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கே சூரியப் புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். கருங்கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிப்புறமாக, ஆரக்கால்களின் வழியே ஓடுவதைப்போல் ஓடுகிறது என்று அதிலிருந்து கண்டார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் காற்று எப்பக்கம் ஓடுகிறது என்பதை, 8 நிமிடம் 20 விநாடி பயணம் செய்து வந்த ஒளிக்கதிர் நம் மலைமேல் வந்து சொன்னது. கதிர் என்றால் அச்சம் கொள்ளவா வேண்டும்?

அச்சமூட்டும் ஒரு சொல்

ஆனால் 'வீச்சு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும், அச்சம் வந்துவிடுகிறது. 'கதிர்வீச்சு' என்றதும் அணு உலை, புற்றுநோய், செல்போன் கோபுரம் இவையே நினைவுக்கு வருகின்றன. மிளகாய் வற்றலை உச்சிவெயிலில் தலையில் துண்டுகூட இல்லாமல் பரப்பிக்கொண்டே, "அந்தக் கோபுரத்தில் கதிர்வீச்சாமே சார்" என்று என்னிடம் கவலைப்பட்டவர் உண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்லில் இருக்கிறது.

கதிர்வீச்சு என்பது பொதுப்பெயர். வெயில் கதிர்வீச்சு. அடுப்புத் தணல் வீசுவது கதிர்வீச்சு. இதைப் படிக்கும் நீங்களும் கதிர்வீசிக்கொண்டிருக்கிறீர்கள். 33 டிகிரி செல்சியசில் உள்ள உங்கள் தோல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 வாட் அகச்சிவப்பை வெளிவிடுகிறது. சுற்றுப்புறம் அதில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடுவதால் நீங்கள் உறைந்துபோவதில்லை. யுரேனியம், ரேடியம் போன்ற அணுக்கருக்கள் தாமே சிதையும் நிகழ்ச்சிக்குத் தமிழில் தனிப்பெயர் இருக்கிறது: கதிரியக்கம். இரண்டையும் ஒன்றாக எழுதுவது, காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் ஒரே பெயர் வைப்பது போன்றது.

தீங்கு எதில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதிரின் ஒவ்வொரு ஒளித்துகளும் சுமக்கும் ஆற்றலே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்த்து அயனியாக்க வல்லவை. செல்போன் அலையின் ஒளித்துகளைவிடச் சாதாரண விளக்கொளியின் ஒளித்துகள் லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் மிக்கது. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இலேயே சூரியக் கதிர்வீச்சைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. செல்போன் முதலியவற்றின் ரேடியோ அலைகளை 2011இல் "உண்டாக்கக்கூடும்" என்ற ஐயப்பாட்டு வகுப்பில் வைத்தது. சந்தேகத்துக்கு உரியதை ஆராயட்டும், ஆராய வேண்டியதுதான். ஆனால் உறுதியானது நம் தலைக்குமேல் நாள்தோறும் நிற்கிறது. அதன் பெயர் இனிமையாக இருப்பதால் நாம் துண்டுகூடக் கட்டுவதில்லை.

என்ன செய்யலாம்?

"பேச்சு வழக்கில் வெயில் என்றாலே சூடு என்றுதான் பொருள். மொழியைத் திருத்த நீ யார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திண்ணையில் பேசுவோர் எப்படியும் பேசட்டும். அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் எண்ணைப் போட்டு எழுதும்போது எதை அளந்தோம் என்று சொல்லும் கடமை எழுதுவோர்க்கு உண்டு. "வெப்பநிலை 40 டிகிரி, நிழலில்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? "நிழலில்" என்ற அந்த ஒரு சொல், வெயிலில் வேலை செய்வோர்க்கு நிலைமை இதனினும் கடுமை என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்கும் அளவுமுறை இல்லாமலும் இல்லை. 1950களில் அமெரிக்கப் படைவீரர் பயிற்சி முகாம்களில் பலர் வெப்பத்தால் சாய்ந்தபோது ஒரு முறை வகுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்புக் கோளத்துக்குள் வைத்து வெயிலில் தொங்கவிட்ட வெப்பமானி ஒன்று, நிழல் வெப்பமானி ஒன்று. மூன்றின் அளவுகளையும் முறையே 70, 20, 10 விழுக்காடு சேர்த்து ஓர் எண் பெறுவார்கள். வியர்வை உலருமா, வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு சூடு என்னும் மூன்றும் அதில் அடங்கும். படைவீரருக்காகப் பிறந்த அந்த எண், களை வெட்டுவோர்க்கும் சாலை போடுவோர்க்கும் நம் செய்தித்தாள்களில் வரவேண்டும் என்பது என் விருப்பம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். "சூரிய ஆற்றல் பூமியை எவ்வாறு வந்தடைகிறது?" என்ற வினாவுக்கு ஒரு மாணவன் "வெயிலாக வந்தடைகிறது" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, "கதிர்வீச்சு" என்று மேலே எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். கலைச்சொல் அவனுக்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் அவன் எழுதியது தவறன்று. ஒளி என்றும் வெப்பம் என்றும் பொய்யாகப் பிரிக்காமல், கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் சேர்த்து, நம்மேல் வந்து விழும் முழுவதையும் அவன் ஒரே சொல்லில் சொல்லியிருந்தான். அதை ஒட்டிக் 'கதிர்வீச்சு' என்பதை விளக்கியிருந்தால் அச்சொல் அவனுக்கு அந்நியமாகவும் இருந்திராது, அச்சமாகவும் இருந்திராது.

அந்த மாணவியை மறுவாரம் கூப்பிட்டுச் சொன்னேன்: "பேப்பரில் போட்டது நிழல் கணக்கு அம்மா. உங்கள் அம்மா சொன்னதுதான் வெயில் கணக்கு. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அவரை நிழலில் இருக்கச் சொல். தண்ணீரும் அடிக்கடி குடிக்கட்டும்."

அவள் சிரித்தாள். "அது எங்கம்மாவுக்குத் தெரியும் சார். தோட்டக்காரருக்குத்தான் தெரியணும்" என்றாள்.

அவர் படிப்பது செய்தித்தாள்தானே! அதில் அடுத்த கோடையிலாவது "நிழலில்" என்ற சொல் இடம்பெறட்டும்.